ஐந்து கோழி இருந்தால் அடுப்படிக்கு முட்டை!

நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது எங்கள் வீட்டில் பதினொரு கோழிகள் இருந்தன. சித்திரை மாதம். ஒரு திங்கட்கிழமை, ஒரு கோழி மட்டும் இறக்கையைத் தொங்கவிட்டுக்கொண்டு மூலையில் நின்றது. வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்தது. வெள்ளிக்கிழமை காலையில் அம்மா கூட்டைத் திறந்தார். ஒரே ஒரு சேவல்தான் வெளியே வந்தது. அதற்கும் கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தது.

அம்மா எனக்கு நோட்டு வாங்குவது முட்டை விற்ற காசில்தான். அந்த ஆண்டு பள்ளிக்கூடம் திறந்தபோது, பழைய நோட்டுகளில் எழுதாமல் மிச்சம் இருந்த தாள்களைக் கிழித்துத் தைத்துக் கொடுத்தார்.

அது என்ன நோய்?

அதன் பெயர் வெள்ளைக் கழிச்சல். டாக்டர்கள் ராணிக்கெட் நோய் என்பார்கள். ராணிக்கெட் என்பது இன்றைய உத்தரகாண்ட் மலையில் இருக்கும் ஓர் ஊர். 1920-களில் இந்தியாவில் இந்த நோயை அங்கேதான் கண்டுபிடித்தார்கள். பாவம், அழகான ஊருக்கு இப்படி ஒரு பெயர் ஒட்டிக்கொண்டது!

இந்த நோய் வந்துவிட்டால் தீர்க்க மருந்து கிடையாது. வருமுன் தடுக்கத்தான் முடியும். குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து விடவேண்டும். எட்டாவது வாரத்தில் இறக்கையில் தோலுக்கு அடியில் ஊசி போடவேண்டும். கால்நடை மருந்தகத்தில் கேட்டால் விவரம் சொல்வார்கள். தமிழ்நாட்டில் கோடைக்கு முன்னால், பிப்ரவரி மாதத்தில், ஊர் ஊராக முகாம் வைத்து இலவசமாக ஊசி போடுவது வழக்கம்.

நன்றாக இருக்கும் கோழிக்குத்தான் ஊசி. நோய் கண்டபிறகு தூக்கிக்கொண்டு ஓடிப் பயன் இல்லை. மருந்தை ஐஸில் வைத்தே கொண்டுவர வேண்டும். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்து வந்தால் மருந்து கெட்டுவிடும். பிறகு, "ஊசி போட்டும் செத்துப்போச்சு" என்று வருத்தப்படுவதில் என்ன இருக்கிறது?

இன்னொரு வழக்கமும் உண்டு. ஒரு கோழி தூங்கி விழுந்தால் போதும், மற்றதையெல்லாம் அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுபோய்த் தள்ளிவிடுவார்கள். நோயும் கூடவே அடுத்த ஊருக்குப் போகும். வாங்குகிறவர் வீட்டிலும் ஒரு பிள்ளை படித்துக்கொண்டிருக்கும் அல்லவா? செத்த கோழியை ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைத்துவிடுங்கள். சந்தையில் வாங்கிய புதுக் கோழியை இரண்டு வாரம் தனியே கட்டிவைத்துப் பார்த்த பிறகு மற்றவற்றோடு விடுங்கள்.

சேவல் வேண்டுமா?

முட்டை மட்டும் போதும் என்றால் சேவல் வேண்டியது இல்லை. சேவல் இல்லாமலே பெட்டைக்கோழி முட்டை இடும். குஞ்சு வேண்டுமானால்தான் சேவல் தேவை.

நாட்டுக்கோழி பத்து, பதினைந்து முட்டை இட்டதும் அடையில் உட்கார்ந்துவிடும். 21 நாள் அடை. அதன்பின் இரண்டு மூன்று மாதம் குஞ்சுகளோடு திரியும். அதுவரை முட்டை இல்லை. அதனால்தான் ஆண்டுக்கு அறுபது, எழுபது முட்டைக்குமேல் கிடைப்பது அரிது. பண்ணையில் வளரும் வெள்ளை லெகார்ன் கோழி 300 வரை இடும். ஆனால் அதற்கு மூட்டைத் தீனி வேண்டும். வனராஜா, நந்தனம் கோழி போன்றவை வீட்டுப் புறக்கடைக்கு என்றே உருவாக்கியவை. நாட்டுக்கோழியைவிடக் கூடுதலாக முட்டை இடும். ஆனால் வனராஜா அடையில் உட்காருவது குறைவு. அதன் முட்டைக்கும் நாட்டுக்கோழிதான் செவிலித்தாய்!

அடைக்கு வைக்கும் முட்டை ஒரு வாரத்துக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது. கூடையில் மணலும் வைக்கோலும் பரப்பிப் பத்துப் பன்னிரண்டு முட்டை வைக்கலாம். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் விளக்கைப் பிடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலைபோலச் சிவப்பு நரம்பு தெரிந்தால் கரு இருக்கிறது. என் பாட்டி கூடையில் மிளகாய் வற்றலும், அடுப்புக்கரியும், ஓர் ஆணியும் போடுவார். "இடி இடித்தால் முட்டை கெடாது" என்பார். ஆணி என்ன செய்ததோ தெரியாது. ஆனால் கூடையை மழை நனையாத, நாய் எட்டாத இடத்தில் அவர் வைத்தது நல்ல காரியம்.

கறையான் பானை

ஐந்தாறு கோழிக்குப் பெரிய செலவு இல்லை. பகலில் தானே மேய்ந்துவிடும். மாலையில் ஆளுக்கு ஒரு கைப்பிடி கம்போ, சோளமோ, குருணையோ போட்டால், கூப்பிடாமலே வீடு வந்து சேரும். முட்டை ஓடு தோலாக இருந்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைவு. கிளிஞ்சலை இடித்து வையுங்கள்.

குஞ்சுகளுக்குக் கறையானைவிட நல்ல தீனி இல்லை. பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத் துண்டு போட்டுத் தண்ணீர் தெளியுங்கள். கறையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். காலையில் பானை நிறையக் கறையான் இருக்கும். காசு இல்லாத கறி விருந்து!

இரவில் மட்டும் கண்டிப்பாக அடைக்கவேண்டும். கூடு தரைக்குமேல் உயர்ந்து, காற்றோட்டமாக இருக்கட்டும். இரண்டு விரல் நுழையும் சந்து இருந்தாலும் விடாதீர்கள். கீரிப்பிள்ளைக்குத் தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும்.

அம்மா மறுபடியும் கோழி வளர்க்க இரண்டு ஆண்டு ஆயிற்று. சித்தி வீட்டில் ஒரு விடைக்கோழியை வாரத்துக்கு வாங்கி வந்தார். குஞ்சில் பாதி அவர்களுக்கு, பாதி எங்களுக்கு. இப்போது ஒன்பது நிற்கிறது. தை மாதம் கடைசியில் எனக்குப் போன் வந்துவிடும்.

"பத்திரிகையிலே வேலை பார்க்கிறாயே, ஊசி முகாம் என்றைக்கு என்று கேட்டாயா தம்பி?"