கண்ணுக்கு விலை பேசலாமா?



கண்ணும் கைரேகையும் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதங்கள். மறுமையில் மனிதன் மீண்டும் எழுப்பப்படுவதைக் கூறும் அல்கியாமா அத்தியாயம், அவனது விரல் நுனிகளையும் நினைவூட்டுகிறது. அந்த அடையாளத்துக்கு இன்று விலை பேசப்படுகிறது.

2023 ஜூலையில் ‘வேர்ல்டுகாயின்’ திட்டம் பல நாடுகளில் தொடங்கப்பட்டது. உருண்டையான கருவியின் முன் நின்று கருவிழியைப் பதிவு செய்வோருக்கு இணைய நாணயம் தரப்பட்டது. கென்யாவின் நைரோபியில் மக்கள் திரளாக வரிசையில் நின்றனர். கிடைத்தது சுமார் 7,000 ஷில்லிங் மதிப்பு. நம் நாட்டில் டெல்லி, பெங்களூரு போன்ற நகரங்களில் நடந்த பதிவு 2023 இறுதியில் நிறுத்தப்பட்டது. படத்தை அல்ல, அதிலிருந்து எடுத்த குறியீட்டையே வைத்திருப்பதாக நிறுவனம் விளக்கியது. எனினும் கென்ய உயர்நீதிமன்றம் 2025 மே மாதம், நாணயத்தைக் காட்டிப் பெற்ற சம்மதம் செல்லாது எனக் கண்டு, பதிவுகளை அழிக்க உத்தரவிட்டது.

“அவர்கள் விரும்பித்தானே கொடுத்தார்கள்?” எனச் சிலர் கேட்கலாம். பசித்தவனின் ‘சரி’ முழுமையான சம்மதமாகுமா? நிர்ப்பந்தத்தில் சிக்கியவரின் இயலாமையை ஆதாயமாக்கும் வியாபாரத்தை மார்க்க அறிஞர்கள் கண்டித்துள்ளனர். கொடுப்பது எதற்குப் பயன்படும் என்றே அறியாத பேரத்தில் ‘கரர்’ எனும் தெளிவின்மையும் உண்டு. கடவுச்சொல் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். கருவிழியை மாற்ற இயலுமா?

இது தொலைதூரச் செய்தி அன்று. வெள்ளாற்றின் இக்கரையில் திட்டக்குடியிலும் அக்கரையில் லெப்பைக்குடிக்காட்டிலும் ஆண்கள் வெளிநாடு சென்றிருக்க, பெண்களும் முதியோரும் மட்டுமே உள்ள இல்லங்கள் பல. ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்கிலிருந்து கைரேகை வைத்தே பணம் எடுக்க முடியும். ஆகவே பரிசு, உதவித்தொகை என்று வருவோரிடம் காரணம் அறியாமல் விரல் வைக்காதீர்கள். ஆதாரின் கைரேகை, கருவிழிப் பதிவுகளைப் பூட்டி வைக்கும் வசதியைப் படித்த பிள்ளைகள் பெற்றோருக்குச் செய்து கொடுக்கட்டும்.

ஆனால் எச்சரிக்கை மட்டும் போதாது. நம் மஹல்லாவில் ஒரு விதவைத் தாய் சில நூறு ரூபாய்க்காகத் தம் விரலை நீட்டினால், கேள்வி அவரிடம் அன்று. நம் ஜகாத்திடமும் பைத்துல்மாலிடமும்தான். அவரது தேவையை நாம் முன்பே அறிந்து நிறைவேற்றியிருந்தால், அந்தப் பேரமே நடந்திராது.

அமானிதம் பேணுவோராகவும், எளியோரின் மானம் காப்போராகவும் வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.