வாசலில் அமீனா வந்தால்: எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது?

பெருமாநல்லூரில் ஒரு சின்ன பவர்டேபிள் யூனிட் நடத்துவதென்றால் கையிருப்பு மட்டும் போதாது. மிஷின் வாங்க ஒரு கடன், சனிக்கிழமை வாரச் சம்பளம் போட ஒரு கைமாற்று என்று ஓடும். கம்பெனியிலிருந்து ஜாப் ஒர்க் பில் பணம் இழுத்தடித்தால் தவணை தவறும். பிறகு ஒருநாள் வாசலில் ஆட்கள் வந்து நிற்பார்கள். "மிஷினைத் தூக்கப் போறோமுங்க" என்பார்கள்.

அந்த நேரத்தில் பயந்துபோய் நீட்டிய தாளில் எல்லாம் கையெழுத்துப் போடுகிறவர்கள் உண்டு. கோபத்தில் கைகலப்பில் இறங்குகிறவர்களும் உண்டு. இரண்டிலும் நஷ்டம் உங்களுக்குத்தான். நீங்கள் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: "எந்தக் கோர்ட் உத்தரவோட வந்திருக்கீங்க? அதைக் காட்டுங்க." மற்ற எல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்தது.

வந்திருப்பவர் யார்?

நீதிமன்ற உத்தரவை நிறைவேற்ற வருபவரை நாம் அமீனா என்கிறோம். கட்டளைப் பணியாளர் என்பது அவரது பதவிப் பெயர். அவர் அரசுச் சம்பளம் வாங்கும் நீதிமன்ற ஊழியர். கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டு டிகிரி (தீர்ப்பாணை) வாங்கி, அதன்பின் நிறைவேற்று மனு தாக்கல் செய்து, நீதிமன்றம் ஜப்தி வாரண்ட் கொடுத்த பிறகே வழக்கமாக அவர் பொருளை எடுக்க உங்கள் வாசலுக்கு வருவார்.

வங்கி, நிதி நிறுவனங்களின் வசூல் ஏஜெண்ட் வேறு ஆள். அவருக்கு அமீனாவின் அதிகாரம் கிடையாது. தனியாரிடம் வட்டிக்கு வாங்கியிருந்தால், அவரோ அவர் அனுப்பும் ஆட்களோ வீடு புகுந்து ஒரு ஊசியைக்கூட எடுக்க உரிமை இல்லை.

வாரண்டில் என்ன பார்க்க வேண்டும்?

வாரண்டில் நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், உங்கள் பெயர், தொகை, தேதி, கையெழுத்து, நீதிமன்ற முத்திரை ஆகியவை இருக்கும். எந்த நாளுக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பதும் எழுதியிருக்கும். அந்த நாள் கடந்துவிட்டதா என்று பாருங்கள். போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இ-கோர்ட்ஸ் சர்வீசஸ் செயலியில் வழக்கு எண்ணையோ, 16 இலக்க சி.என்.ஆர். எண்ணையோ போட்டால் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியும். வாட்ஸ்அப்பில் "கோர்ட் ஆர்டர்" என்று ஒரு படத்தை அனுப்பி, உடனே பணம் போடச் சொன்னால் அது மோசடியாக இருக்கலாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்கு அழையுங்கள்.

வழக்கு நடந்ததே தெரியாமல், அமீனா வந்த பிறகுதான் விஷயம் தெரிகிறதா? உங்களுக்குச் சம்மன் முறையாகச் சேராமல் ஒருதலைப்பட்சமாக டிகிரி ஆகியிருந்தால், தெரியவந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அதை ரத்து செய்யக் கோரி மனு போடலாம். அன்றைக்கே வக்கீலைப் பாருங்கள்.

அமீனாவுக்குக் கட்டணம் உண்டா?

உங்கள் கையிலிருந்து கிடையாது. வாரண்டை நிறைவேற்றுவதற்கான கட்டணத்தை, அதாவது பேட்டாவை, மனுப் போட்டவரே நீதிமன்றத்தில் கட்டியிருப்பார். அந்தச் செலவை நீதிமன்றம் அனுமதித்தால் அது டிகிரித் தொகையோடு சேரும். இங்கிலாந்தில் தனியார் அமலாக்க ஏஜெண்டுகள் கட்டம் கட்டமாகக் கடனாளியிடமே கட்டணம் வசூலிக்கிறார்கள். அதற்கு அரசு விதித்த அளவு உண்டு. நம் ஊரில் அந்த முறை இல்லை. "வண்டி வாடகை குடுங்க", "ஒரு வாரம் தள்ளிப் போடறோம், எதாச்சும் பாருங்க" என்று கேட்டால் அது லஞ்சம். லஞ்ச ஒழிப்புத் துறையிடமும் சம்பந்தப்பட்ட நீதிமன்றத்திலும் புகார் செய்யலாம்.

எந்த நேரத்தில், எப்படி வரலாம்?

உரிமையியல் நடைமுறைச் சட்டம், 1908-இன் பிரிவு 62 இதைச் சொல்கிறது. பொருளை ஜப்தி செய்ய, சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் குடியிருக்கும் வீட்டுக்குள் நுழையக் கூடாது. அது கடனாளி குடியிருக்கும் வீடாக இருந்து, அவர் உள்ளே விட மறுத்தால் மட்டுமே வெளிக்கதவை உடைக்கலாம். முறையாக உள்ளே வந்துவிட்டால், பொருள் இருப்பதாக நம்பக் காரணம் உள்ள அறையின் கதவைத் திறக்க அவருக்கு அதிகாரம் உண்டு. இந்தப் பாதுகாப்பு குடியிருப்புக்குத்தான். தனியாக இருக்கும் குடோனுக்கோ யூனிட்டுக்கோ இதைச் சொல்ல முடியாது.

எதை எடுக்கக் கூடாது?

பிரிவு 60-இல் பட்டியலே இருக்கிறது. முக்கியமானவை இவை:

• உங்களுக்கும் மனைவி, குழந்தைகளுக்கும் அவசியமான துணிமணி, சமையல் பாத்திரம், கட்டில், படுக்கை. மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை. தாலி இதில் வரும்.

• கைவினைஞரின் கருவிகள். சொந்தமாகத் தைத்துப் பிழைக்கும் தையல்காரர் தன் மிஷினுக்கு இந்தப் பாதுகாப்பைக் கேட்கலாம். ஆள் வைத்து இருபது டேபிள் ஓட்டுபவர் அத்தனை மிஷினுக்கும் இதே பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது. முடிவு நீதிமன்றத்துடையது.

• விவசாயியின் உழவுக் கருவிகள், வாழ்வுக்கு அவசியமான மாடுகள், விதை தானியம்.

• விவசாயி, தொழிலாளி, வீட்டுவேலை செய்பவர் ஆகியோர் தாமே குடியிருக்கும் சொந்த வீடு.

• தொழிலாளியின் கூலி. திறன் பெற்றவர், பெறாதவர் என்ற பேதம் இல்லை. போனஸும் கூலியில் சேரும். பனியன் கம்பெனியில் வேலை செய்யும் தொழிலாளியின் வாரச் சம்பளத்துக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு.

• மாதச் சம்பளக்காரருக்கு முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும். சம்பளம் 25,000 என்றால் 1,000 போக 24,000. அதில் 16,000 பாதுகாப்பு. ஆக, 8,000 வரை பிடிக்கலாம். ஒரே டிகிரிக்காக மொத்தம் 24 மாதம் பிடித்துவிட்டால் அதற்குமேல் அந்த டிகிரிக்குப் பிடிக்க முடியாது. ஜீவனாம்ச வழக்குகளுக்குக் கணக்கு வேறு.

ஒன்றைக் கவனியுங்கள். வீட்டை நீங்களே அடமானம் வைத்து வாங்கிய கடனுக்கு இந்தப் பட்டியலைக் காட்டித் தப்பிக்க முடியாது. வீட்டை ஈடாக வைத்த வங்கிக் கடனுக்கு 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வங்கி நேரடியாக நடவடிக்கை எடுக்கலாம். ஆனால் முதலில் 60 நாள் நோட்டீஸ் தர வேண்டும். வங்கி வீட்டைக் கையகப்படுத்த நடவடிக்கை எடுத்தால், 45 நாளுக்குள் கோவையில் உள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம்.

பொருளை எடுத்துவிட்டால்?

அமீனா எடுக்கும் பொருளின் மதிப்பு கடன் தொகையை ஒட்டி இருக்க வேண்டும். 40,000 ரூபாய்க் கடனுக்கு மூன்று லட்சம் ரூபாய்ப் பொருளை அள்ளிக்கொண்டு போவது முறையல்ல. எடுத்த பொருள்களின் பட்டியலைக் கேளுங்கள். மிஷினாக இருந்தால் கம்பெனி பெயர், மாடல், சீரியல் எண் எல்லாம் அதில் இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

மிஷின் உங்களுடையது இல்லை, வாடகைக்கு எடுத்தது அல்லது தம்பியுடையது என்றால், உரிமையாளர் பில்லோடு அந்த நீதிமன்றத்திலேயே உரிமை கோரி மனு போடலாம். ஏலம் முடிவதற்குள் போட வேண்டும். ஜப்தியான பொருளை நீங்கள் மறைவாக விற்பது செல்லாது. அமீனாவைத் தடுப்பது குற்றம். ஆட்சேபணை எதுவானாலும் மனுவாகப் போடுங்கள்.

ஏல அறிவிப்பு ஒட்டியதிலிருந்து பொருளாக இருந்தால் குறைந்தது 7 நாளும், வீடு, நிலமாக இருந்தால் 15 நாளும் கழித்துத்தான் ஏலம் விட வேண்டும். ஏலம் விழுவதற்கு முன் கடனையும் செலவையும் கட்டிவிட்டால் ஏலம் நிற்கும்.

பணத்தை எங்கே கட்டுவது?

டிகிரி ஆன பிறகு பணத்தை நீதிமன்றத்தில் கட்டுவதே பத்திரம். கடன் கொடுத்தவரிடம் நேரில் கொடுத்தால், அதை நீதிமன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் அந்தப் பணத்தை நிறைவேற்றும் நீதிமன்றம் கணக்கில் எடுக்காது. அவர் பதியாவிட்டால், கொடுத்த 30 நாளுக்குள் நீங்கள் மனு போட வேண்டும். "தெரிஞ்சவருதானே" என்று விட்டால் இரண்டு தடவை கட்ட நேரிடும்.

கைது செய்வார்களா?

கடன் கட்ட வழியில்லை என்பதற்காக மட்டும் சிறையில் தள்ள முடியாது. ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் 1980-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. வசதி இருந்தும் வேண்டுமென்றே கட்டாதவர், சொத்தை மறைத்தவர் ஆகியோருக்கே சிவில் சிறை. பணத்துக்கான டிகிரியில் பெண்களைக் கைது செய்யவே கூடாது. செக் பவுன்ஸ் வழக்கு குற்றவியல் வழக்கு. அதற்கு இந்த விதிகள் பொருந்தாது.

ஏஜெண்டுகளும் கந்துவட்டியும்

வங்கி, நிதி நிறுவன ஏஜெண்டுகள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் போன் செய்து தொல்லை தரக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் சொன்னது. அடையாள அட்டை, அங்கீகாரக் கடிதம் காட்டச் சொல்லுங்கள். முதலில் அந்த நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். உதவி எண் 14448.

கந்துவட்டி, மீட்டர் வட்டி, ரன் வட்டி எல்லாம் தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 3 ஆண்டு வரை சிறை. கடன் நிறுவனங்களின் வலுக்கட்டாய வசூலுக்கு எதிராக 2025-இல் தனிச் சட்டமும் வந்துள்ளது. அதில் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். மிரட்டல் நடந்தால் உடனே 100-க்கு அழையுங்கள்.

பணம் வர வேண்டியவர் நீங்கள் என்றால்

இதே வழிதான் உங்களுக்கும். டிகிரி கையில் இருந்தால் 12 ஆண்டுக்குள் நிறைவேற்று மனு போடலாம். எதிராளியின் சொத்து விவரத்தை நீங்கள்தான் தர வேண்டும். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் மிஷினைத் தூக்கினால், நியாயமான கடனாக இருந்தாலும் வழக்கு உங்கள் மேல் வரும்.

இலவச சட்ட உதவி

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. திருப்பூர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகலாம் அல்லது 15100 எண்ணுக்கு அழைக்கலாம். தவணையில் கட்டச் சம்மதம் பேசி முடிக்க மக்கள் நீதிமன்றமும் இருக்கிறது. 15100, 14448, 1930 மூன்றையும் இப்போதே போனில் பதிந்து வையுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லிவையுங்கள். நீங்கள் ஷிஃப்டில் இருக்கும்போதுதான் ஆட்கள் வாசலுக்கு வரக்கூடும்.