உங்களுக்குத் தெரியுமா? காஸ்வேக்கு இந்தப் பக்கத்துப் பெரியவர்கள்

● ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்குப் போகும் காஸ்வேயின் நீளம் ஒரு கிலோமீட்டரை ஒட்டித்தான். திறப்பு விழா நடந்தது 1924-இல். விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் அக்கரைக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்பும் பிள்ளைகளை நம்பித்தான் ஜொகூரில் எத்தனையோ பெற்றோரின் அன்றாடம் நடக்கிறது. 2020 மார்ச் 18-ஆம் தேதி, கோவிட் தொற்றால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லை மூடியது. வேலையை விட முடியாத பிள்ளைகள் அக்கரையிலேயே தங்கிப்போனார்கள். தடுப்பூசி போட்டவர்கள் தனிமைப்படுத்தல் இல்லாமல் தரைவழியாக வர 2021 நவம்பர் 29-இல்தான் வழி பிறந்தது. எல்லை முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1-இல். அந்த இரண்டு ஆண்டுகளில் இன்சுலின் ஊசி போட்டுவிட்டதும், கிளினிக்குக்குக் கூட்டிப்போனதும், அரிசி வாங்கிப் போட்டதும் பல வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரர்கள். பெற்ற தாயின் இறுதிச் சடங்கைக் கைப்பேசியில் பார்த்து அழுதவர்கள் உண்டு. முதியோர் நலம் என்று பேசும்போது இந்த அண்டை வீட்டாரை நாம் போதுமான அளவு நினைப்பதில்லை.

● தனிமை மனசை மட்டும் வாட்டுவதில்லை. உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 8,71,000 மரணங்களுக்குத் தனிமையோடு தொடர்பு உண்டு என்று உலகச் சுகாதார நிறுவனம் அமைத்த ஆணையம் 2025 ஜூனில் கணக்குச் சொன்னது. மணிக்கு நூறு பேர்.

● மலேசியாவில் 60 வயது நிரம்பியவர்களைப் பற்றி 2018-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில், நூற்றுக்கு 30 பேருக்கு மேல் சமூக ஆதரவு குறைவாக இருப்பதாகத் தெரியவந்தது. பாதிப் பேருக்கு இரத்தக் கொதிப்பு. நாலில் ஒருவருக்கு மேல் நீரிழிவு. கொதிப்புக்கும் இனிப்புநீருக்கும் மாத்திரை கொடுக்கிறோம், முதலில் சொன்னதற்கு என்ன கொடுக்கிறோம்?

● ரெங்கம், லாயாங்-லாயாங், குளுவாங், கூலாய், லாபிஸ் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு ஆயாக் கொட்டகை நினைவிருக்கும். பெற்றோர் இருட்டோடு பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்துக்குப் போய்விட, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது பால்மரம் வெட்ட முடியாத வயதுக்கு வந்த பாட்டிமார்கள்தான். காண்டா வாளி தூக்கித் தூக்கித் தோளும் முட்டியும் தேய்ந்தவர்கள். ஆனாலும் அவர்கள் இல்லாமல் தோட்டத்தில் வேலை நடக்காது. லயத்தில் கதவைத் திறந்தால் நாலு பேர், கோயில் திடலில் பத்துப் பேர். தோட்டங்கள் கைமாறி, வீட்டுமனைகளாகி, குடும்பங்கள் பட்டணத்து மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குப் போனபோது, சம்பளமும் வீடும் பற்றி எல்லாரும் பேசினார்கள். பாட்டிமார்கள் இழந்ததைப் பற்றி யாரும் பேசவில்லை. மின்தூக்கி இல்லாத கட்டடத்தின் நாலாவது மாடியில், முட்டிவலியோடு இருப்பவர் எத்தனை முறை இறங்கி ஏறுவார்? மாதம் ஒருமுறை, மருந்து வாங்க.

● 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. நாட்டின் இனங்களில் இதுவே அதிகம். இனிப்புநீருக்குப் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பில் பி12 வைட்டமின் குறையலாம். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம். கால் மரத்துப்போவது, ஞாபகம் தடுமாறுவது எல்லாவற்றையும் வயதின் மேல் போட்டுவிடாமல், அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது டாக்டரிடம் இதைக் கேளுங்கள். மாத்திரையை மட்டும் தானாக நிறுத்தக் கூடாது.

● வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்கும். ஜொகூர் வெயிலில் தண்ணீர் குறைந்தால் தாத்தாவுக்குத் தாகம் எடுப்பதற்கு முன்பே பேச்சு குழறலாம், தலை சுற்றலாம். தாகமா என்று கேட்காதீர்கள், டம்ளரைக் கையில் கொடுங்கள். தண்ணீர் அளவைக் குறைக்கச் சொல்லப்பட்ட இருதய, சிறுநீரக நோயாளிகளுக்கு மட்டும் டாக்டர் சொன்ன கணக்கு.

● இனி சிவப்பு அடையாள அட்டை. இந்த நாட்டிலேயே ஆயுளைக் கழித்தும் குடியுரிமை கிடைக்காமல், நிரந்தரவாசி என்ற சிவப்பு அட்டையோடு முதுமைக்கு வந்தவர்கள் நம்மில் உண்டு. பிறப்பைப் பதியாமல் விட்டது, பத்திரம் தொலைந்தது, இந்தியாவில் பிறந்து கைக்குழந்தையாக வந்தது என்று காரணங்கள் பல. அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவின் கீழ் விண்ணப்பித்தால், மலாய் மொழியில் போதிய அறிவு வேண்டும். கங்காணியிடமும் கிராணியிடமும் தமிழிலேயே பேசி, பள்ளிக்கூடமே பார்க்காத ஒரு பால்வெட்டுத் தொழிலாளி அந்த நேர்காணலில் எப்படித் தேறுவார்? 2018 ஆகஸ்டில் அன்றைய பிரதமர் துன் மகாதீர், 60 வயது தாண்டிய 3,407 இந்தியர்களுக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்று அறிவித்தார். அட்டையின் நிறம் வயிற்றைத் தொடும் விஷயம். ஏனென்றால், சமூகநல இலாகா வறுமையில் உள்ள முதியோருக்குத் தரும் மாத உதவித்தொகை குடிமக்களுக்கு மட்டும்தான்.

● அந்த உதவித்தொகை 2025-இலிருந்து 600 ரிங்கிட். அதற்கு முன் 500. மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் மனுச் செய்ய வேண்டும். பாரம் நிரப்பத் தெரியாததாலேயே கேட்காமல் இருக்கும் பாட்டி உங்கள் வீட்டு வரிசையில் இருக்கிறாரா என்று பாருங்கள்.

● அரசின் எஸ்.டி.ஆர். ரொக்க உதவி பெறுகிறவர்களும் அவர்களின் துணைவரும் 40 வயது முதல் பெக்கா பி40 திட்டத்தில் இலவசமாக உடல் பரிசோதனை செய்துகொள்ளலாம். 2019-இல் தொடங்கிய திட்டம் இது. அடையாள அட்டையோடு திட்டத்தில் சேர்ந்த கிளினிக்குக்குப் போனால் போதும். அரசு மருத்துவமனைச் சிகிச்சைக்குத் தேவையான கருவிகளுக்கு 20,000 ரிங்கிட் வரை, புற்றுநோய்ச் சிகிச்சையை முடித்தவர்களுக்கு 1,000 ரிங்கிட், தீபகற்பத்தில் போக்குவரத்துச் செலவுக்கு 500 ரிங்கிட் வரை கிடைக்க வழியுண்டு.

● காது கேட்காததைச் சரிசெய்வது மூளையையும் காக்க உதவலாம். மறதிநோய்க்கான 14 காரணங்களை 2024-இல் லான்செட் ஆணையம் பட்டியலிட்டது. செவித்திறன் குறைவு, கவனிக்காமல் விட்ட கண்பார்வைக் குறைவு, நீரிழிவு, ஆள் துணையின்மை எல்லாம் அதில் உண்டு. இந்த 14-ஐயும் கவனித்தால் ஏறக்குறைய பாதி, அதாவது 45 விழுக்காடு மறதிநோயைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணிப்பு. ஆண்களுக்குக் காதுக் கருவி மாட்டக் கூச்சம் அதிகம். பேரப்பிள்ளையை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள், பிள்ளை சொன்னால் அப்பா கேட்கமாட்டார், பேரப்பிள்ளை சொன்னால் தாத்தா கேட்பார்.

● மறதிநோய் கண்டவர்களின் குடும்பங்களுக்குத் துணை நிற்கவே ஜொகூர் பாருவில் ஜோபாடா என்ற சங்கம் இருக்கிறது.

● 'பாவே' என்று சொல்லப்படும் மூத்த குடிமக்கள் நடவடிக்கை மையங்களில் பகலெல்லாம் உடற்பயிற்சி, கைவேலை, இரத்த அழுத்தப் பரிசோதனை என்று பொழுது போகும். 60 வயதானவர்கள் சேரலாம். நம் ஆட்கள் இன்னும் அதிகமாக அங்கே போகவேண்டும் என்பது என் ஆசை. தனியாகப் போக ஒரு பாட்டி தயங்குவார். நாலு பேராகச் சேர்ந்து ஒரு வேனில் போனால் தயக்கம் போய்விடும்.

● யாருமற்ற ஏழை முதியோருக்கான அரசு இல்லம் ஜொகூர் பாருவிலேயே இருக்கிறது: ருமா செரி கெனாங்கான். ஆனால் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ள முடிகிறவர்களுக்குத்தான் அங்கே இடம். படுக்கையில் விழுந்தவர்களுக்கான ருமா எசான் இல்லங்கள் இருப்பது சிலாங்கூரின் கோல குபு பாருவிலும் திரங்கானுவின் டுங்குனிலும். ஒரு ஜொகூர்க்காரருக்கு இரண்டுமே எட்டாத தூரம்.

● தனியார் இல்லத்தில் சேர்ப்பதானால், 1993-ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டம் போன்ற சட்டங்களின்படி பெற்ற பதிவை முதலில் கேட்டுப் பாருங்கள். சிங்கப்பூர்க் குடும்பங்களும் தங்கள் பெரியவர்களை ஜொகூர் இல்லங்களில் சேர்க்கின்றன. முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு சாப்பாட்டு வேளையில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

● 2018 தேசிய சுகாதார ஆய்வில் நூற்றுக்கு ஒன்பது முதியோர் ஏதோ ஒரு வகைக் கொடுமைக்கு ஆளானதாகத் தெரியவந்தது. அடிப்பது மட்டும் கொடுமையல்ல. சேமநிதிப் பணத்தை மிரட்டி வாங்குவதும், வேளைக்குச் சாப்பாடு தராததும் அதில் சேரும். அப்படி ஒருவரைப் பார்த்தால் 15999 என்ற தாலியான் காசே உதவி எண்ணுக்கு அழைக்கலாம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். முகவரியையும் நீங்கள் கண்ணால் கண்டதையும் சொன்னால் போதும்.