சேனல் ஒன்று ஸ்தாபனமாகும் விதம்

2014-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அமெரிக்காவின் டிஸ்னி கம்பெனி, ஐந்தாண்டுகளுக்கு முன்புதான் கலிபோர்னியாவில் தோன்றிய மேக்கர் ஸ்டுடியோஸ் என்னும் ஸ்தாபனத்தை 50 கோடி டாலருக்கு வாங்க இசைந்தது. குறிப்பிட்ட இலக்குகளை எட்டினால் மேலும் 45 கோடி வரை தருவதாகவும் வாக்களித்தது. இத்தனை பெருந்தொகை கொடுத்து டிஸ்னி அடைந்தது யாது என்று விசாரிப்பவருக்குக் கிடைக்கும் விடை விசித்திரமானது. மேக்கருக்குச் சொந்தமான சினிமாக் கொட்டகைகள் இல்லை. ஒலிபரப்பு நிலையங்களும் இல்லை. யூடியூபில் பிறர் நடத்திவந்த 55,000-க்கும் மேற்பட்ட சேனல்களோடு அது செய்துகொண்டிருந்த ஒப்பந்தப் பத்திரங்களே அதன் பிரதான ஆஸ்தி.

பல சேனல்களை ஒன்றாகக் கோத்து நடத்தும் இவ்வகை ஸ்தாபனத்தை எம்.சி.என். என்று அத்தொழிலில் சொல்லுவார்கள். நாம் நெட்வொர்க் என்றே அழைப்போம். அது இயங்கும் விதத்தைக் கணக்கு ஒன்றின் மூலம் எளிதில் கிரகித்துக்கொள்ளலாம். விளம்பரதாரர் ஒருவர் நூறு டாலர் செலுத்தினால், யூடியூப் 45 டாலரைத் தன் பங்காக நிறுத்திக்கொண்டு மீதி 55 டாலரை அனுப்புகிறது. சேனல்காரர் நெட்வொர்க்கில் சேர்ந்தவரானால், அந்த 55 முதலில் நெட்வொர்க்கின் கைக்குப் போகும்; ஒப்பந்தப்படி அதற்கு நூற்றுக்கு முப்பது என்று வைத்துக்கொண்டால், 16 டாலர் 50 சென்ட் அங்கே நின்றுவிட, பாட்டுப் பாடியோ வேடிக்கை பேசியோ அந்த வீடியோவைச் சிருஷ்டித்தவருக்கு 38 டாலர் 50 சென்ட் வந்து சேரும்.

இந்த நஷ்டத்துக்கு ஒருவர் ஏன் உடன்பட வேண்டும்? 2007-இல் தொடங்கிய யூடியூபின் விளம்பரப் பங்குத் திட்டத்தில், 2012 ஏப்ரல் வரையில், விண்ணப்பித்து அனுமதி பெற்றவரே சேர முடியும். தனி மனிதருக்கு அவ்வளவு சுலபமாகத் திறவாத அந்தக் கதவை நெட்வொர்க் திறந்துவிட்டது. அன்றியும், பதிப்புரிமைத் தகராறுகளில் ஓரளவு பாதுகாப்பும், கேமரா, எடிட்டிங் ஆகியவற்றில் ஒத்தாசையும், பெரிய விளம்பரதாரரிடம் பேசிப் பேரம் முடிக்க ஓர் ஆளும் கிடைத்தன. மேக்கரின் ஆரம்ப நாட்களில் இவற்றைவிடப் பெரிய அனுகூலம் ஒன்றும் இருந்தது: சேனல்காரர்கள் ஒரே இடத்தில் கூடி, ஒருவர் வீடியோவில் மற்றவர் தலைகாட்டி, ஒருவருடைய ரசிகர்களை மற்றவருக்கு அறிமுகம் செய்துவைத்தார்கள். என் அபிப்பிராயத்தில் நெட்வொர்க் என்ற ஏற்பாட்டின் உயிர்நிலை இதுதான்; பிற்பாடு வந்த விஸ்தரிப்பில் முதலில் மறக்கப்பட்டதும் இதுவேதான். பத்துப் பேர் பரஸ்பரம் உதவிக்கொள்ளலாம். ஐம்பதாயிரம் பேர் ஒருவருக்கொருவர் முகம்கூடத் தெரியாதவர்கள்.

தனிச் சேனல் ஒன்று தானே கிளைவிட்டுப் பெருக முயலும்போது நேரும் கஷ்டங்களைப் பார்க்க, ஸ்மாஷ் என்னும் ஹாஸ்யக் குழுவின் சரித்திரத்தைக் காட்டிலும் பொருத்தமான உதாரணம் அகப்படாது. கலிபோர்னியாவைச் சேர்ந்த ஆந்தனி படில்லா, இயன் ஹெகாக்ஸ் என்னும் இரு நண்பர்கள் 2005-இல் யூடியூபில் சேனல் தொடங்கினார்கள். போக்கிமான் கார்ட்டூனின் முகப்புப் பாட்டுக்கு வாயசைத்து அவர்கள் எடுத்த வீடியோ, அக்காலத்தில் யூடியூபிலேயே மிக அதிகமானவர் பார்த்தது என்ற பிரசித்தியை அடைந்து, பாட்டின் பதிப்புரிமை காரணமாகப் பின்னர் நீக்கப்பட்டது. பிறர் சொத்தின்மேல் எழும்பும் புகழ் ஒரே நாளில் மறையக்கூடும் என்பதை அவர்கள் தொழிலின் தொடக்கத்திலேயே அனுபவித்தார்கள்.

2011-இல் அலாய் டிஜிட்டல் என்ற கம்பெனி ஸ்மாஷை வாங்கிற்று. அதன்பின் விஸ்தரிப்பு துரிதமாக நடந்தது: வீடியோ விளையாட்டுக்கென்று ஸ்மாஷ் கேம்ஸ், கார்ட்டூனுக்கென்று இன்னொரு சேனல், ஸ்பானிஷ் மொழிக்காரருக்கென்று வேறொன்று. 2013 ஜனவரியில் சந்தாதாரர் தொகையில் யூடியூபின் முதலிடத்தையும் தாய்ச் சேனல் பிடித்தது. ஆனால் இந்தத் தொழிலில் புதிதாக இறங்குவோர் எதிர்பாராத ஒரு தடை இங்கே இருக்கிறது. ரசிகரின் அபிமானம் முகத்தின்மேல் வைக்கப்பட்டதேயன்றி ஸ்தாபனத்தின் பெயர்மேல் வைக்கப்பட்டதன்று. ஆதலால் தாய்ச் சேனலுக்குக் கோடிச் சந்தாதாரர் இருப்பினும், புதுச் சேனல் பூஜ்யத்திலிருந்தே எண்ணத் தொடங்க வேண்டும், அதில் தோன்றும் புதிய நடிகர் தம் ரசிகரைத் தாமே சம்பாதிக்க வேண்டும். அதற்குள் எழுத்தாளர், எடிட்டர், வாடகைக் கட்டடம் ஆகிய செலவுகள் மாதந்தோறும் வந்துவிடுகின்றன. இருவர் வீட்டறையில் எடுத்த வீடியோவுக்கு வந்த அதே விளம்பர வருமானம், முப்பது பேர் சம்பளம் வாங்கும் ஸ்டுடியோவில் எடுத்ததற்கும் வரும். பார்ப்பவருக்கும் விளம்பரதாரருக்கும் செலவுக் கணக்கைப் பற்றிக் கவலையில்லை.

இவ்வளவையும் சமாளித்துவிட்டாலும், ஸ்தாபனத்தின் அஸ்திவாரம் அதன் வசத்தில் இல்லை. நம் ஊர்களில் கோவில் நிலத்துக்கு அடிமனை வாடகை கட்டி அதன்மேல் வீடு எழுப்பிக் குடியிருப்பவரின் நிலைமை போன்றதுதான் இது. சுவரும் கூரையும் அவருடையவை, மண் அவருடையதன்று. 2012-இல் யூடியூப், எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்பதை விட்டு, எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதையே சிபாரிசுக்கு முக்கிய அளவுகோலாக்கிற்று. பாடுபட்டு மாதம் ஒருமுறை இரண்டு நிமிஷக் கார்ட்டூன் வரைபவர் பின்தங்க, விளையாட்டு ஒன்றை மணிக்கணக்கில் ஆடிக்கொண்டே பேசுபவர் முன்னேறினார். அதே ஆண்டில் விளம்பரத் திட்டத்தின் கதவை யூடியூப் அநேகமாக எல்லோருக்கும் திறந்துவிட்டது. நெட்வொர்க் விற்றுக்கொண்டிருந்த சரக்குகளில் தலையானது அன்றோடு இலவசமாயிற்று.

ஒப்பந்தங்களோ வேறொரு சங்கடம். சந்தாதாரர் தொகையில் அப்போது முதலிடத்தில் இருந்த ரே வில்லியம் ஜான்சன், 2012-இன் இறுதியில் மேக்கரோடு பகிரங்கமாகப் பிணங்கி வெளியேறினார். அவர் நிகழ்ச்சியின் உரிமையில் யாருக்கு எவ்வளவு என்பதே விவகாரம். பெரியவர் விலகிப் போக, சிறியவர் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் மாதம் பத்து டாலர் சம்பாதித்தால் நெட்வொர்க்குக்கு அதில் மூன்று டாலர் வரும். அந்த மூன்று டாலருக்கு அவருடைய கடிதத்துக்குப் பதில் எழுதக்கூட ஒரு குமாஸ்தாவை வைக்க முடியாது. எண்ணிக்கையே பலம் என்று முதலீட்டாளரிடம் காட்டுவதற்கு உதவிய கூட்டம், வேலை என்று வந்தபோது பாரமாகிவிட்டது.

பாரம் மட்டுமா, அபாயமும்தான். மேக்கரின் மிகப் பெரிய நட்சத்திரம், ஐந்து கோடிக்கு மேல் சந்தாதாரரைக் கொண்டிருந்த பியூடிபை. 2017 பிப்ரவரியில், அவர் வீடியோக்களில் யூதர்களை இழிவுபடுத்தும் பரிகாசங்கள் இருந்ததாக வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகை வெளியிட்டது. குழந்தைகளின் கம்பெனி என்று பெயரெடுத்த டிஸ்னி உடனே அவரோடு உறவை முறித்துக்கொண்டது. அதே ஆண்டில் பல்லாயிரம் சேனல்களை உதிர்த்துவிட்டு, ஏறக்குறைய முந்நூறை மட்டும் வைத்துக்கொண்டது. வாக்களித்த மேல்தொகையான 45 கோடியில் டிஸ்னி முடிவில் கொடுத்தது பாதிக்கும் குறைவே.

மஷினிமா என்ற மற்றொரு நெட்வொர்க்கின் கதையைச் சுருங்கச் சொல்லலாம். 2012-இல் கூகுள் தலைமையில் 3 கோடியே 50 லட்சம் டாலர் முதலீடு. எக்ஸ்பாக்ஸ் ஒன் யந்திரத்தைக் காசு வாங்கிக்கொண்டு புகழ்ந்ததை ரசிகருக்கு மறைத்தார்கள் என்று 2015-இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் நடவடிக்கை. 2016-இல் வார்னர் பிரதர்ஸ் வசம். 2019 ஜனவரியில் அந்தச் சேனலின் வீடியோக்கள் ஒரேயடியாகப் பொதுப் பார்வையிலிருந்து மறைக்கப்பட்டன. அவற்றை ஆக்கியவர் பலருக்கு முன்னறிவிப்புக்கூட இல்லை.

ஸ்மாஷை வாங்கிய அலாய் டிஜிட்டல், 2013-இல் பிரேக் மீடியாவோடு இணைந்து டிஃபை மீடியா ஆயிற்று. நண்பருள் ஒருவரான படில்லா 2017-இல் விலகினார். மறு ஆண்டு நவம்பரில் டிஃபை திடீரென்று கதவை மூடியது. தம் சேனலுக்கு வந்த விளம்பரப் பணம் தங்களுக்கு வந்து சேரவில்லை என்று அதில் சேர்ந்திருந்த சிலர் பகிரங்கமாக முறையிட்டார்கள். அப்போதும் ஸ்மாஷ் சாகாததற்குக் காரணம், அதற்கென்று ஒரு நடிகர் குழுவும், அக்குழுவின் முகங்களைத் தேடிவரும் ரசிகரும் இருந்ததுதான். 2019 பிப்ரவரியில், யூடியூபிலேயே வளர்ந்த ரெட், லிங்க் என்னும் இரட்டையரின் மிதிகல் என்டர்டெயின்மென்ட் அதை வாங்கிற்று. 2023 ஜூன் மாதத்தில் ஹெகாக்ஸும் படில்லாவும் மீண்டும் கூடி, அதன் பெரும்பான்மைப் பங்கைத் தங்கள் வசமாக்கிக்கொண்டார்கள். மிதிகல் சிறு பங்கோடு நின்றுகொண்டது.