போல்ட்டும் ஒரு வில்லே

இரண்டு இரும்புத் தகடுகளைப் போல்ட்டும் நட்டும் இட்டு முடுக்கிவிட்டால் அவை ஒன்றாகிவிட்டன என்றே நாம் எண்ணுகிறோம். பொறியியற் கணக்கு அவ்வாறு எண்ணுவதில்லை. அதன் பார்வையில் போல்ட்டு என்பது மிகவும் விறைப்பான ஒரு சுருள்வில். நட்டைத் திருகத் திருகப் போல்ட்டு கண்ணுக்குப் புலப்படாத அளவு நீள்கிறது. நீண்டது சுருங்க முயல்வதனாலேயே தகடுகள் அமுக்கப்பட்டு ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன. அமுங்கிய தகடுகளும் ஒருவகை வில்லே. போல்ட்டின் தலைக்கு அடியிலிருந்து அவ்வமுக்கம் கூம்பு வடிவில் பரவுவதாகக் கொண்டு, தகடுகளின் விறைப்பைக் கணிக்க 1927-இல் ரோட்ஷர் என்னும் ஜெர்மானியர் வழி கூறினார்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். தகடுகளின் விறைப்பு போல்ட்டின் விறைப்பைப்போல் 4 மடங்கு என்க. போல்ட்டை 1000 கிலோ எடைக்கு ஈடான இழுவிசை வருமாறு முடுக்கிவிட்டோம். பிறகு 500 கிலோ விசை தகடுகளைப் பிரித்திழுக்கிறது. போல்ட்டின் இழுவிசை இப்போது யாது? 1500 என்று வகுப்பில் உரக்க விடை வரும். உண்மையில் அது 1100தான். இரண்டு விற்களும் ஒரே அளவே நீளவேண்டியிருப்பதால் விறைப்பு மிக்க தகடுகள் 400-ஐ ஏற்கின்றன. அவற்றின் அமுக்கம் 600 ஆகத் தணிகிறது. விசை 1250-ஐத் தாண்டினால் தகடுகள் பிரியும். அதற்குமேல் வரும் சுமை முழுவதும் போல்ட்டின் தலையிலேயே விழும்.

அந்த 500 கிலோ விசை ஓடும் எந்திரத்தில் கணந்தோறும் வந்து வந்து போவதாயின்? இறுகிய போல்ட்டின் இழுவிசை 100 அளவே ஊசலாடும். இறுக்கமே இல்லாத போல்ட்டில் 500 முழுவதும் ஊசலாடும். இரும்பைக் களைப்புறச் செய்து ஒடிப்பது இந்த ஊசலாட்டமே. ஆகவே, முடுக்கினால் ஒடிந்துவிடுமோ என்று அஞ்சித் தளர்வாக விட்ட போல்ட்டே முந்தி ஒடியும்! முடுக்குவதிலும் ஒரு சங்கடம் உண்டு. ஸ்பானரில் நாம் செலுத்தும் முயற்சியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே இழுவிசையாகிறது. மற்றதெல்லாம் நட்டின் அடியிலும் புரிகளிலும் உராய்வுக்கு இரையாகிறது. சற்றே எண்ணெய் பட்டிருந்தாலும் கணக்கு மாறிவிடும்.

இனி அதிர்வு. ஒற்றை இரும்புச் சட்டத்தைக் கயிற்றில் தொங்கவிட்டுத் தட்டினால் நெடுநேரம் ஒலிக்கும். இரு துண்டுகளைப் போல்ட்டால் இணைத்த சட்டத்தின் ஒலி விரைவில் அடங்கும். தொடும் முகங்களின் ஓரங்கள் நுண்ணியதாய் வழுக்கி, அதிர்வின் ஆற்றலை வெப்பமாக்கிவிடுகின்றன. மெல்ல அதிர்ந்தால் இணைப்பு விறைப்பாக நிற்கும். வலுத்து அதிர்ந்தால் வழுக்கும் பரப்பு விரிந்து விறைப்பு குறையும். அதிர்வெண்ணும் சற்று இறங்கும். விறைப்புக்கு ஒரே எண்ணை இட்டுக் கணக்கை முடிக்க இயலாமற் போவது இதனாலேதான். அமெரிக்கப் பொறியியலார் இவான் 1966-இல் வெளியிட்ட மாதிரி இங்கே துணை செய்கிறது. பல சிறு விற்களைப் பக்கம்பக்கமாக நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு விசையில் வழுக்கும் ஓர் உராய்வுக் கட்டையை இணைத்ததாக அது கற்பனை செய்கிறது. விசை ஏற ஏறக் கட்டைகள் ஒவ்வொன்றாக வழுக்கத் தொடங்கும்.

வழுக்கல் இணைப்பு முகம் முழுவதும் பரவிவிட்டால் வேறொரு கேடு நேரும். தகடுகள் பக்கவாட்டில் மாறிமாறி நகரும்போது நட்டு தானாகவே கழன்று சுழலும் என்பதை ஜெர்மானியரான யுங்கர் 1969-இல் சோதனையால் காட்டினார். அவர் வகுத்த முறையில் தகட்டைப் பக்கவாட்டில் அசைத்துக்கொண்டே, போல்ட்டின் இழுவிசை எத்தனை அசைவுகளில் எவ்வளவு குறைகிறது என்று அளக்கிறார்கள். சுருள் வாஷர் இட்டால் நட்டு கழலாது என்னும் பழைய நம்பிக்கை அச்சோதனையில் நிலைக்கவில்லை.