நெஞ்சைப் பிளக்காமல் இருதயத்துக்கு ஒரு கிளிப்

பால் வாளியோடு நாலு நிரை தாண்டுவதற்குள் மூச்சு வாங்குகிறதா? நேராகப் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உங்கள் வீட்டுப் பெரியவர் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தே தூங்குகிறாரா? சாயங்காலமானால் கணுக்கால் வீங்குகிறதா? "வயசாகிவிட்டது, அப்படித்தான்" என்று தைலத்தைத் தேய்த்துவிட்டு இருந்துவிடாதீர்கள், வாசகர்களே! இருதயத்தின் கதவு ஒன்று ஒழுகிக்கொண்டிருக்கலாம்.

இருதயத்தில் நான்கு கதவுகள் உண்டு. டாக்டர்கள் வால்வு என்பார்கள். கைப்பம்பிலே தோல் வாஷர் செய்யும் வேலைதான் இதற்கும். இரத்தத்தை ஒரு பக்கம் போக விடும், திரும்பி வர விடாது. நுரையீரலில் சுத்தமாகி வரும் இரத்தம் இடப்பக்க மேலறையிலிருந்து கீழறைக்கு இறங்கும் வாசலில் இருப்பது மைட்ரல் வால்வு. மெல்லிய இதழ்கள் இரண்டு. மேற்றிராணியார் அணியும் இரட்டை மடல் குல்லாவின் சாயல் இருப்பதால் இந்தப் பெயர். நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை திறந்து மூடுகிறது. இதழ்கள் சரியாகச் சேராவிட்டால், ஒரு பங்கு இரத்தம் பின்னோக்கிப் பாயும். நுரையீரலில் நீர் கோக்கும். மூச்சு முட்டுவது அதனால்தான்.

உடம்பு தாங்குகிறவருக்கு, இதழே பழுதாகியிருந்தால், அறுவை சிகிச்சைதான் இன்றும் முதல் வழி. ஆனால் எண்பது வயதுப் பாட்டிக்கு, சிறுநீரகமும் பழுதான நிலையில், நெஞ்செலும்பைப் பிளக்க டாக்டர்களே தயங்குவார்கள். அப்படிப்பட்டவர்களுக்குத்தான் இந்தப் புது வழி.

இதன் வேர் 1929இல் இருக்கிறது. ஜெர்மனியில் எபர்ஸ்வால்ட் என்ற ஊரில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் டாக்டர். கை நரம்பு வழியே இருதயம் வரை ஒரு குழாயைச் செலுத்தலாம் என்றார். மேலதிகாரி கூடாது என்று மறுத்துவிட்டார். மனிதர் கேட்டாரா? உதவிக்கு வந்த நர்ஸ், "என் கையில் செய்து பாருங்கள்" என்று துணிந்து படுத்தார். அவரை மேசையில் கட்டிவிட்டு, ஃபோர்ஸ்மன் குழாயை ஏற்றியது தன் கையிலேயே! அப்படியே எக்ஸ்ரே அறைக்கு நடந்து போய், குழாய்நுனி இருதயத்தில் இருப்பதைப் படம் எடுக்க வைத்தார். அன்று கிடைத்தது வசவு; 1956இல் கிடைத்தது நோபல் பரிசு.

1991இல் இத்தாலி நாட்டு அறுவை மருத்துவர் ஒட்டாவியோ அல்ஃபியேரி, ஒழுகும் இதழ்கள் இரண்டையும் நடுவிலே சேர்த்து ஒரு தையல் போட்டார். ஒரு வாசல் இரண்டு சிறு வாசலானது, ஒழுக்கு குறைந்தது. அந்தத் தையலுக்குப் பதில் ஒரு சிறு கிளிப், அதுவும் குழாய் வழியாக! 2003இல் வெனிசுவேலாவின் கராகஸ் நகரில் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தினார்கள்.

செய்யும் விதம் இதுதான். மயக்க மருந்து கொடுத்து, தொடை இடுக்கிலுள்ள பெரிய நரம்பு வழியே குழாயை ஏற்றுவார்கள். வலப்பக்க மேலறைக்குப் போய், நடுச்சுவரில் சிறு துளையிட்டு இடப்பக்கம் நுழைவார்கள். தொண்டை வழியாக இறக்கிய ஸ்கேன் கருவிதான் கண். இருதயத்தை நிறுத்துவதில்லை, அது துடிக்கத் துடிக்க, கொடியில் துணியைக் கவ்வுகிற மாதிரி இதழ்களைக் கிளிப் கவ்வும். சரியாக அமையாவிட்டால் திறந்து மறுபடி கவ்வலாம். பெரும்பாலோர் சில நாட்களில் வீடு திரும்புகிறார்கள்.

எல்லாருக்கும் இது ஏற்றதா? இல்லை. இருதயமே பெருத்துத் தளர்ந்து, அதனால் வால்வு ஒழுகுகிறவர்களிடம் நடந்த இரண்டு ஆய்வுகளின் முடிவும் 2018இல் வந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஆய்வில், மருந்து மட்டும் பெற்றவர்களில் 100க்கு 46 பேர் இரண்டு ஆண்டுகளில் இறந்தார்கள். கிளிப்பும் பெற்றவர்களில் 29 பேர். பிரான்சில் நடந்த ஆய்விலோ குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. ஆகவே ஆளைத் தேர்ந்தெடுப்பதில்தான் இருக்கிறது சூட்சுமம். "எங்கள் அம்மாவுக்கு ஒழுக்கு இதழிலா, இருதயத் தசையிலா? மருந்தை முழு அளவு கொடுத்துப் பார்த்தாயிற்றா?" என்று டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். கிளிப்பின் விலை அதிகம். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருத்துவ சமூகநலப் பிரிவு உண்டு; உதவிக்கு வழி இருக்கிறதா என்று அங்கே விசாரியுங்கள்.

தாய்மார்களுக்கு இன்னொன்று. நெருக்கமாக வாழ்ந்த லயத்து வீடுகளில் வளர்ந்த பலருடைய வால்வு கெட்டது சிறுவயதுத் தொண்டைப்புண்ணால். அதைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல் இதழ்களைத் தடித்து ஒட்டச் செய்துவிடும். அந்த வால்வுக்குக் கிளிப் பெரும்பாலும் பொருந்தாது. வாசல் சுருங்கியிருந்தால் பலூனால் விரிப்பார்கள். ஜப்பானிய டாக்டர் கஞ்சி இனோவே 1982இல் தொடங்கி வைத்த முறை அது. ஐந்து முதல் பதினைந்து வயதுக்குள் தொண்டைப்புண்ணும் காய்ச்சலும் வந்தால் கிளினிக்கில் காட்டுங்கள். டாக்டர் கொடுத்த பெனிசிலினை, புண் ஆறிவிட்டது என்று பாதியில் நிறுத்தாதீர்கள். ஏற்கெனவே ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஊசி போடச் சொல்லியிருப்பார்கள். பல ஆண்டுகள் போட வேண்டியிருக்கும். அந்தத் தேதியை நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள்.