பிஞ்சு வயிறு – 9: களியின் ருசி தெரியாத பிள்ளை

ஓசூர் சிப்காட் பக்கம் வரிசை வீட்டு மாடியில் என் பக்கத்துக் குடித்தனம் அவர்கள். பூர்விகம் விழுப்புரம் பக்கம். கணவனுக்கு ஒரு ஷிப்ட், மனைவிக்கு ஒரு ஷிப்ட். இரண்டு வயதுப் பையனுக்கு யார் சோறூட்டுவது என்பது வாரத்துக்கு வாரம் மாறும். "சோத்தைக் கண்டாலே வாயை மூடிக்கிறான் அக்கா. பிஸ்கட்டைப் பால்ல ஊறவெச்சுக் குடுத்தா மட்டும்தான் இறங்குது" என்று ஒருநாள் அழாத குறையாகச் சொன்னாள்.

நாளைக்கு எவ்வளவு பால் குடிக்கிறான் என்று கேட்டேன். கூட்டிப் பார்த்தால் ஒரு லிட்டருக்குப் பக்கம் வந்தது. பிறகு பசி எங்கிருந்து வரும்? ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு நாளைக்கு அரை லிட்டர் பால் தாராளம். பாலில் இரும்புச்சத்து சொற்பம். வயிறு மட்டும் நிறைந்துவிடும். தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்வதை நாம் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வீட்டுக்கார அவ்வா கீழ்வீட்டில் தினமும் களி கிண்டுவார். நொய் குழைய வெந்ததும் ராகி மாவைக் குவித்துப் போட்டு மூடிவைப்பார். பிறகு பாத்திரத்தைக் காலால் அணைத்துக்கொண்டு துடுப்பால் இறுக்கிக் கிண்டுவார். கையைத் தண்ணீரில் நனைத்து உருட்டி, நடுவில் குழித்து, அவரைக்கொட்டைக் குழம்பை ஊற்றுவார். நூறு கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அதே அளவு பாலில் 120தான். கிருஷ்ணகிரி மாவட்டத்து மானாவாரி நிலமெல்லாம் விளைகிற தானியம் இது. மேல்வீட்டுப் பையன் அதை வாயில் வைத்ததே இல்லை.

அவனை அவ்வாவின் பக்கத்தில் உட்காரவைக்கச் சொன்னேன். ஊட்ட வேண்டாம், கெஞ்ச வேண்டாம், செல்போனும் வேண்டாம். சுண்டைக்காய் அளவு களி, ஒரு சொட்டு நெய்யோடு அவன் தட்டில் இருந்தால் போதும். முதல் நாள் பிசைந்து தரையில் தேய்த்தான். மறுநாள் நக்கிப் பார்த்துத் துப்பினான். அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. துப்புவதும் பழகுவதில் ஒரு படிதான் என்று சொல்லித் தேற்றினேன். 1982இல் லீன் பர்ச் என்ற அமெரிக்க உளவியலாளர் இரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் புதுப் பண்டங்களைத் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்த்தார். அதிக தடவை ருசித்ததையே பிள்ளைகள் அதிகம் விரும்பின. நாமோ மூன்றாம் தடவையே "இவனுக்குப் பிடிக்காது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். "இதைச் சாப்பிட்டால் சாக்லேட்" என்று ஆசை காட்டுவதும் கூடாது. சாக்லேட்டின் மதிப்புதான் ஏறும்.

இரண்டாவது வாரம் அவ்வாவின் தட்டிலிருந்தே கிள்ளித் தின்ன ஆரம்பித்தான். கீரையை மட்டும் இன்னும் ஒதுக்குகிறான். ஒதுக்கட்டும், தட்டில் அது தினமும் இருக்கட்டும்.

மாம்பழத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்துப் பழம் கூழ் ஆலைக்குப் போகிறது. அந்தக் கூழே சர்க்கரையும் தண்ணீரும் சேர்ந்து பாட்டில் பானமாகப் பெட்டிக்கடைக்குத் திரும்பி வருகிறது. பாட்டிலை வாங்காதீர்கள், பழத்தையே நறுக்கிக் கையில் கொடுங்கள். டப்பாவில் வரும் பானப் பொடிகளிலும் சர்க்கரை எவ்வளவு என்று பாருங்கள். இத்தகைய பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' பிரிவில் வைத்து விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகமே இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொல்லிவிட்டது.

எல்லா வீட்டுக்கும் ஓர் அவ்வா வாய்ப்பதில்லை. ஷிப்ட் பார்க்கிற தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிட அவளுக்கு ஏது நேரம்? 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்த்துவர விட வேண்டும் என்று 2017இலேயே மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்திச் சொல்லிவிட்டார்கள். உங்கள் கம்பெனியில் அது இருக்கிறதா என்று மனிதவளப் பிரிவில் கேளுங்கள். இருந்தால், மத்தியானம் பிள்ளைகளுக்கு என்ன போடுகிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.